முப்பத்து மூன்றரை காலன்

ஆம்ப்ரோஸ் டில்னியை மண்ணில் வைத்த மூன்றாவது வாரம், பியர் ஆலைக்காரர் ஹம்ஃப்ரி கார்பெட் துக்கம் விசாரிக்க வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. புகைபோட்ட பன்றித் தொடை ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, பட்டறை வாசலில் இருந்த மரக்கட்டையின்மேல் வைத்தார். தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"டில்னியம்மா, நல்ல மனுஷன் போயிட்டாரு. சதர்க்குக்கே ஒரு கை போன மாதிரி இருக்கு."

ஜூடித் டில்னி தலையை அசைத்தாள். மூன்று வாரமாக இதே வார்த்தையை வேறு வேறு வாயிலிருந்து கேட்டுக் கேட்டு, பதில் சொல்வதையே விட்டிருந்தாள்.

"பட்டறைய மூடிடப் போறீங்கன்னு வெளிய பேசிக்கிறாங்க. மூடாதீங்க. வசந்தம் முடியறதுக்குள்ள எனக்கு நாப்பது பேரல் வேணும். என் வேலை வேற யாருக்கும் போகாது."

அந்த ஒரு பேச்சில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தச்சன் இறந்தால் அவன் முத்திரை விதவைக்குப் போகும் என்பது பீப்பாய்த் தச்சர் சங்கத்தின் வழக்கம். ஆம்ப்ரோஸின் முத்திரை, கொக்கு மிதித்த தடம்போல மூன்று கோடு. அதைப் பழுக்கக் காய்ச்சிப் பீப்பாயின் மூடியில் வைத்துவிட்டால் தேம்ஸின் தென்கரையில் இருக்கும் சதர்க்கில் யாரும் அளந்து பார்க்க மாட்டார்கள். டில்னி முத்திரை இருக்கிறதா, அளவு சரி, பேச்சு முடிந்தது. அவர் விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். பிள்ளைகள் இருவரையும் கொள்ளைநோய் வருடம் கொண்டுபோயிற்று. அதற்கு மறுவருடம் ஆற்றுக்கு அப்பால் லண்டன் எரிந்தது. அதற்குப் பிறகு இந்த ஆறு வருடமும் புருஷனும் பெண்டாட்டியுமாக அந்த மூன்று கோட்டைத்தான் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டார்கள்.

"செஞ்சு குடுக்கிறோம் ஐயா. கிடியன் இருக்கான், இன்னும் ரெண்டு கையாள் சேத்துக்கலாம்."

"அது போதும். பழைய மாதிரியே இருக்கட்டும். மூடிய ரெண்டு விரல் உள்ள தள்ளி, பலகைய கொஞ்சம் கனமா வெச்சு. கிடியனுக்குத் தெரியும்."

பட்டறைக்குள் ஓக் பலகையை இழைத்துக்கொண்டிருந்த கிடியன் பாஸ்கின் இழைப்புளிச் சத்தம் சட்டென்று நின்றது.

ஜூடித் நிமிர்ந்து பார்த்தாள். அவள் பீப்பாய்த் தச்சருக்குப் பிறந்து பீப்பாய்த் தச்சருக்கு வாழ்க்கைப்பட்டவள்.

"மூடி உள்ள போனா உள்ளளவு குறைஞ்சிடுமே ஐயா?"

கார்பெட் சிரித்தார். குழந்தையின் கன்னத்தைத் தட்டுவது போன்ற சிரிப்பு.

"அதெல்லாம் ஆம்பளைங்க உக்காந்து பேசி முடிச்ச சங்கதி, அம்மா. ஆம்ப்ரோஸும் நானும் மூணு வருஷமா இப்படித்தான் செஞ்சிக்கிட்டு வர்றோம். அவரு ஒரு நாளும் தப்பா சொன்னதில்ல. யாராவது வாயத் தொறந்தா, ஏல் பீப்பாய் கலந்துபோச்சுன்னு சொல்லிக்கலாம். நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. அந்தத் தொடைய உப்பு போக ஊற வெச்சு வேகவிடுங்க, நல்லா இருக்கும்."

அவர் போய்விட்டார். ஜூடித் உள்ளே திரும்பினாள். கிடியன் இழைப்புளியைப் பார்த்துக்கொண்டு நின்றானே தவிர, அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, வெளிச்சம் நன்றாக வந்தபின், பட்டறைச் சுவரோரம் முத்திரைக்காகக் காத்திருந்த ஆறு பீப்பாய்களில் ஒன்றை முற்றத்துக்கு உருட்டி வரச் சொன்னாள்.

"எதுக்கு எசமானியம்மா?"

"தண்ணி ஊத்திப் பாக்கணும்."

"ஒழுக்கு இருக்கான்னா? நானே ஆவி புடிச்சுப் பாத்துட்டேன். ஒழுக்கில்ல."

"ஒழுக்கு பாக்கலடா. அளக்கணும்."

கிடியன் நாற்பதைத் தொட்ட ஆள், தோள் அகலம், பேச்சு குறைவு. பதினெட்டு வருடமாக அந்தப் பட்டறையில் சோறு தின்றவன். உருட்டி வந்து, வாய்த்துளை மேலே தெரியும்படி நிறுத்திக் கல்லால் முட்டுக்கொடுத்தான்.

சதர்க்கில் பிறந்தவர்களுக்கு அளவு தாய்ப்பாலோடு வந்தது. ஃபிர்கின் ஒன்பது காலன், கில்டர்கின் பதினெட்டு, பேரல் முப்பத்தாறு, ஹாக்ஸ்ஹெட் ஐம்பத்து நாலு. ஹாப் பூப் போட்டுக் காய்ச்சிய பியருக்கு இது கணக்கு. ஹாப் போடாத ஏல் என்றால் ஒரு படி இறங்க வேண்டும்: ஃபிர்கின் எட்டு, கில்டர்கின் பதினாறு, பேரல் முப்பத்திரண்டு. இந்த இரண்டு வரிசைக்கும் வெளியே இங்கிலாந்தில் ஒரு பீப்பாய்க்கு இடமில்லை.

ஜூடித் சங்கத்து முத்திரை பதித்த பித்தளைக் காலன் பாத்திரத்தை எடுத்தாள். கிணற்றடியில் முக்கி, விளிம்பு தளும்பத் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். கிடியன் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான், அவள் தரவில்லை. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டே எண்ணினாள். இருபதைத் தாண்டியபோது பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது. முப்பதைத் தாண்டியபோது துளையின் அடியில் தண்ணீர் பளபளப்பது தெரிந்தது. கடவுளே, இன்னும் ஆறு கொள்ளட்டும், இன்னும் ஆறே ஆறு, என்று உள்ளுக்குள் மன்றாடினாள். முப்பத்து மூன்றாவது பாத்திரம் இறங்கியது. முப்பத்து நான்காவதில் பாதிதான் இறங்கியது; அதற்குமேல் விழுந்த துளிகள் பலகை வழியே மண்ணில் ஓடின.

பாதித் தண்ணீர் மிஞ்சிய பாத்திரத்தை அவள் தரையில் வைத்தாள்.

"முப்பத்து மூணரை," என்றாள். "முப்பத்திரண்டா இருந்தாக்கூட ஏலுக்குச் செஞ்சதுன்னு மனசத் தேத்திக்குவேன். இது என்னடா கிடியன்? இது எதோட அளவு?"

கிடியன் முற்றத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"எசமானுக்குக் கை போயிருச்சும்மா."

"என்ன?"

"வலது கை. நடுக்கம். மூணு வருஷத்துக்கு முன்னாடியே. மூடி உக்கார்ற காடி வெட்டுனா கோணும், பலகை இழைச்சா சிலும்பும். எல்லாத்தையும் நான்தான் செஞ்சேன். அவரு முத்திரை மட்டும் போடுவாரு, அதுவும் ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு. கார்பெட் ஒரு நாள் சொல்லாம கொள்ளாம உள்ள வந்து பாத்துட்டாரு. 'இது வெளிய தெரிஞ்சா உன் முத்திரைக்கு என்ன மதிப்பு டில்னி'ன்னாரு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா எனக்கு ஒண்ணு செஞ்சு குடுன்னாரு. இதத்தான் கேட்டாரு."

"நீ செஞ்சியா?"

"செஞ்சேன். எசமான் சொன்னாரு, செஞ்சேன். வேண்டாம்னு சொல்லியிருக்கணும்," என்றான்.

சாப்பாட்டு மேசையில் புருஷன் கரண்டியை நடுவில் கீழே வைத்துவிட்டு ரொட்டியைப் பிய்ப்பார். வயது ஆகிறது என்று அவள் நினைத்தாள். இந்த மூன்று வருடமும் பக்கத்தில் படுத்தவளுக்கு இது தெரியவில்லையா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாள்? தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தாள். அதுதான் உண்மை.

அதைவிடப் பெரிய இடி அடுத்த மூச்சில் வந்தது. டோர்க்கஸ் பிளம்.

டோர்க்கஸ் ஆற்றங்கரையில் 'மூன்று நாரை' என்ற மதுக்கடை வைத்திருந்தவள். படகுக்காரர்களும் தோல் பதனிடுபவர்களும் அவளிடம்தான் குடிப்பார்கள். வாய் நீளம், ஆனால் குவளையில் நுரையை ஏற்றி ஏமாற்றினாள் என்று ஒருவரும் சொன்னதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவள் கார்பெட்டின் ஆலை வாசலிலேயே நின்று கத்தினாள்: காலனுக்கு எட்டாக ஒரு பேரலுக்கு இருநூற்று எண்பத்தெட்டு குவளை வர வேண்டும், தனக்கு இருநூற்று அறுபத்தெட்டுக்கு மேல் ஒரு நாளும் வந்ததில்லை, கார்பெட் திருடன் என்று. வழக்கு நீதிபதிகள் முன் போனது. கார்பெட் தானே பொறுக்கி எடுத்த மூன்று பீப்பாய்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். எல்லோர் கண் முன்னாலும் அளந்தார்கள், மூன்றும் முப்பத்தாறு. அதற்குமேல் ஆம்ப்ரோஸ் டில்னி எழுந்து, தன் முத்திரை வைத்த பீப்பாய் எதுவும் அளவு குறையாது என்று சத்தியம் செய்தார். டில்னியே சொன்னபிறகு வேறு யார் சொல்ல வேண்டும்? டோர்க்கஸின் கடை உரிமத்தைப் பிடுங்கினார்கள். அத்தோடு விட்டார்களா? நல்லவர் பெயரைக் கெடுத்ததற்காக ஒரு ஞாயிறு ஆராதனையில், வெள்ளைத் துணி போர்த்தி, சபை முழுதும் பார்க்க நிறுத்தி, 'நான் சொன்னது பொய்' என்று அவள் வாயாலேயே சொல்லவைத்தார்கள்.

அன்றிலிருந்து ஆம்ப்ரோஸ் கோயிலில் ரொட்டியும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் போவதை நிறுத்தினார். கோயில் முகப்பில் தூணோரம் நின்றுவிட்டு வந்துவிடுவார். பியரும் தொடுவதில்லை, கிணற்றுத் தண்ணீர்தான். பீப்பாய்த் தச்சன் தண்ணீர் குடிக்கிறான் என்று தெருவே சிரித்தது. "என்னய்யா வந்துச்சு உனக்கு, சாமி கிட்டயே முறைப்பா?" என்று ஜூடித் எத்தனையோ முறை ஏசியிருக்கிறாள். அவர் பதில் சொன்னதில்லை. மாசி மாதக் காய்ச்சலில் அந்தப் பதிலையும் கூடவே கொண்டுபோய்விட்டார்.

அவள் பீப்பாயின் அடைப்பானைப் பிடுங்கித் தண்ணீரைக் கொட்டச் சொன்னாள். நனைந்த பாவாடையை மாற்றிக்கொண்டு பக்கத்துப் பெர்மாண்ட்சிக்கு நடந்தாள்.

டோர்க்கஸ் இப்போது தோல் பதனிடும் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு வெளுக்கும் கொட்டகையில் துணி அடித்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பும் நாய்ப்பீயும் கலந்த பதனிடும் குழிகளின் நாற்றம் கண்ணைக் கரித்தது. முன்பு கனத்த உடம்பு. இப்போது கன்னம் ஒட்டி, முழங்கைவரை தோல் வெடித்திருந்தது. ஜூடித்தைப் பார்த்ததும் அடிக்கும் கட்டையை நிறுத்தவில்லை.

"யாரு, டில்னி பொண்டாட்டியா? துணி எதுவும் கொண்டாரலையே. வழி தவறிப்போச்சா?"

"உன்னப் பாக்கத்தான் வந்தேன் டோர்க்கஸ்."

"புருஷன் போயிட்டானாமே. கேள்விப்பட்டேன். வருத்தம்னு பொய் சொல்ல மாட்டேன். பொய் சொல்லி ஒரு தடவை பட்டாச்சு."

"நீ அன்னைக்குச் சொன்னது பொய்யில்ல."

கட்டை நின்றது. பக்கத்துத் தொட்டியில் இருந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நேத்துதான் எனக்குத் தெரிஞ்சுது," என்றாள் ஜூடித். "இன்னைக்கு நானே அளந்தேன். முப்பத்து மூணரை. நீ சொன்ன கணக்கு ஒரு குவளைகூடத் தப்பில்ல. அவரு தெரிஞ்சேதான் சத்தியம் பண்ணியிருக்காரு."

டோர்க்கஸ் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். முகத்தில் கோபம் வரும் என்று ஜூடித் எதிர்பார்த்தாள், வரவில்லை. அவள் தொட்டியின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷமா நானே என்னச் சந்தேகப்பட்டேன்டி," என்றாள். "ஊத்தறப்ப சிந்திட்டேனோ, எண்ணத் தெரியலையோ, குடிச்சுட்டு மறந்துட்டேனோ. எங்க அக்காவே கேட்டா: 'பெரிய மனுஷங்க பொய் சொல்வாங்களா டோர்க்கஸ், நீதான் தப்பா எண்ணியிருப்ப'ன்னு. ராத்திரியெல்லாம் விரல மடக்கி மடக்கி எண்ணிப் பாப்பேன்."

ஜூடித் அழத் தொடங்கினாள்.

"அழாத. அழுது காட்டத்தான் வந்தியா?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"எங்கிட்ட இங்க வந்து, இந்தத் துணி நடுவுல, காதோட காதா மன்னிப்பா?" டோர்க்கஸின் குரல் இப்போதுதான் ஏறியது. "என்ன ஊரைக் கூட்டி நிக்க வெச்சாங்க. பொய்யி, பொய்யின்னு நானே சொன்னேன், என் வாயால. நீ வேணும்னா அங்க போய்ச் சொல்லு. இல்லேன்னா வீட்டுக்குப் போய் முத்திரை குத்து. ரெண்டுல ஒண்ணு. நடுவுல நின்னு எங்கிட்ட அழாத."

ஜூடித் வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள். சொல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. டோர்க்கஸ் பேச்சை யார் நம்புவார்கள்? சொன்னால் முத்திரை போகும், பட்டறை போகும், கல்லறையில் இருப்பவரின் பெயர் போகும். அந்தப் பெயருக்காகத்தான் அவர் தன்னையே அரித்துக்கொண்டு செத்தார். அதைத் தன் கையாலேயே உடைப்பதா? பட்டறை வாசலுக்கு வந்தபோது, கார்பெட் கொடுத்த பன்றித் தொடையைக் கிடியன் தொடாமல் அதே கட்டையின்மேல் விட்டிருப்பதைப் பார்த்தாள். தெருநாய் ஒன்று துணியை இழுத்துக்கொண்டிருந்தது. அவள் விரட்டவில்லை.

"கிடியன், நாளைக்குச் சங்கத்துக்குப் போறேன். நீ வருவியா? வந்தா உனக்கும் தண்டனை உண்டு."

"வராம எங்க போவேன்," என்றான் அவன்.

சங்கத்துப் பெரியவர் எட்மண்ட் ஹாலோவே, ஆம்ப்ரோஸின் சவப்பெட்டியைத் தூக்கிய நான்கு பேரில் ஒருவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு நெடுநேரம் நெற்றியைத் தடவினார்.

"அம்மா, யோசிச்சுத்தான் பேசுறியா? சொல்லிட்டா திருப்பி எடுக்க முடியாது."

"இன்னும் யோசிச்சா சொல்ல மாட்டேன் ஐயா. அதான் மேல யோசிக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டேன்."

அன்று பிற்பகலே, முன்னறிவிப்பு இல்லாமல், சங்கத்தின் சோதனைக்காரர்கள் நான்கு பேர் கார்பெட்டின் ஆலைக்குள் நுழைந்தார்கள். கிடியன் முன்னால் நடந்தான். அடுக்கியிருந்த காலிப் பீப்பாய்களின் மூடி விளிம்பில் இரண்டு விரலை வைத்துப் பார்த்து, இது, இது, அது என்று தட்டிக்கொண்டே போனான். பன்னிரண்டை வெளியே உருட்டினார்கள். ஆலை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

கார்பெட் பதறவில்லை. "ஐயோ, இவ்வளவுதானா? இது ஏல் பீப்பாய்ங்க. சரக்கு ஏத்தறப்ப கலந்துபோச்சு. வேலைக்காரப் பசங்களோட கவனக்குறைவு. இதுக்கா இந்தக் கூட்டம்?" என்றார். கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள்.

"அளந்துட்டா போச்சு," என்றார் ஹாலோவே.

முதல் பீப்பாய் முப்பத்து மூன்றரை கொண்டது. இரண்டாவது முப்பத்து மூன்றரை. மூன்றாவதில் அரைக் குவளை கூடுதல். ஐந்தாவதை அளந்தபோது கூட்டத்தில் பேச்சே இல்லை. தண்ணீர் விழும் ஓசையும் எண்ணுபவரின் குரலும்தான். பன்னிரண்டும் முடிந்தபின் ஹாலோவே பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏலுக்கு முப்பத்திரண்டு, கார்பெட். பியருக்கு முப்பத்தாறு. ஏல் பீப்பாய்ல ஒன்றரை காலன் சும்மா குடுக்கிற அளவுக்கு நீ தர்மவானா? அப்படின்னா சொல்லு, எழுதிக்கிறேன்."

யாரோ பின்னாலிருந்து சிரித்துவிட்டார்கள். கார்பெட்டின் முகம் அப்போதுதான் சிவந்தது. அவர் ஜூடித்தின் பக்கம் திரும்பினார்.

"உன் புருஷன் திருடன்னு ஊருக்குச் சொல்லிட்ட. சந்தோஷமா?"

"இல்ல ஐயா," என்றாள் அவள். "சந்தோஷமில்ல."

ஆலை முற்றத்திலேயே பன்னிரண்டு பீப்பாய்களையும் வளையம் தட்டிப் பிரித்து எரித்தார்கள். பட்டறையில் இருந்த ஆறும் அத்தோடு போயிற்று. டில்னி முத்திரையின் சூட்டுக்கோலைச் சங்கத்தில் வைத்துச் சம்மட்டியால் அடித்து நசுக்கினார்கள். அந்த ஓசையை ஜூடித் வெளி அறையில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். மூன்று அடி. நான்காவது விழவில்லை. கிடியனை ஒரு வருடம் லண்டனிலும் சதர்க்கிலும் தொழில் செய்யக் கூடாது என்று விலக்கினார்கள். கார்பெட்டுக்கு அபராதம் விதித்தார்கள். அவர் வகித்துவந்த கோயில் நிர்வாகப் பொறுப்பிலிருந்தும் இறக்கினார்கள். ஆனால் ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. கார்பெட் போன்றவர்களுக்கு இங்கிலாந்தில் அவ்வளவுதான் நடக்கும்.

மிச்சம் ஒன்று இருந்தது. அவள் போதகரிடம் போனாள்.

"சங்கத்துலயே எல்லாம் தெரிஞ்சுபோச்சேம்மா," என்றார் போதகர். அவர் மெலிந்த, இரக்கமுள்ள மனிதர். டோர்க்கஸை வெள்ளைத் துணியில் நிறுத்திய அன்றும் அவர்தான் ஆராதனை நடத்தினார். "செத்தவர இன்னொரு தடவை புதைக்கணுமா?"

"நீங்கதான் ஐயா அவளப் பொய்யின்னு சொல்லவெச்சீங்க. இப்ப நான் உண்மையச் சொல்றதுக்கு எடம் குடுக்க மாட்டீங்களா?"

"சரி, ஞாயித்துக்கிழமை சொல்லும்மா," என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு, பிரசங்கம் முடிந்ததும் ஜூடித் எழுந்து முன்னால் போய் நின்றாள். யாரும் அவளுக்கு வெள்ளைத் துணி போர்த்தவில்லை, விதவையின் கறுப்புடைதான்.

"நான் ஆம்ப்ரோஸ் டில்னியோட விதவை. இதே எடத்துல டோர்க்கஸ் பிளம்ம நிக்கவெச்சு, பொய் சொன்னேன்னு சொல்லவெச்சீங்க. அவ சொன்னது பொய்யில்ல. பீப்பாயில அளவு குறைச்சல். என் புருஷன் அது தெரிஞ்சேதான் சத்தியம் பண்ணாரு. அவ இழந்தது எல்லாம் அந்த ஒரு சத்தியத்தால. நான் அவகிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்."

கடைசி வரிசையில், துணி வெளுக்கும் இரண்டு பெண்களுக்கு நடுவில், டோர்க்கஸ் உட்கார்ந்திருந்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அவ்வளவுதான்.

ஆராதனை கலைந்தது. ஜூடித் வெளியே வந்தபோது, முப்பது வருடப் பழக்கமுள்ளவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள், குழியைச் சுற்றிப் போவதுபோல. கல்லறைகளுக்கு நடுவில் அவள் தனியாக நின்றாள். டோர்க்கஸ் நேராக அவளிடம் வந்தாள். மற்றவர்கள் நடையைத் தளர்த்தினார்கள்.

"நல்லாத்தான் சொன்ன," என்றாள் டோர்க்கஸ். "ஆனா ஒண்ண விட்டுட்ட."

"என்ன விட்டேன்?"

"உன் புருஷன் பண்ணதச் சொன்ன. கார்பெட் பண்ணதும் தெரியும். நீ பண்ணது?"

ஜூடித்துக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு நான் துணியப் போத்திக்கிட்டு நின்னப்ப, நீ மூணாவது வரிசையில இருந்த. எனக்கு நேர் எதிர. பக்கத்துல ஒருத்தி உன் காதுல என்னமோ சொன்னா. நீ சிரிச்ச. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். எல்லாத்தையும் மறந்துட்டேன்டி, கடைய மறந்துட்டேன், பாட்டிலு, குவளை, எல்லாத்தையும். அந்தச் சிரிப்பு மட்டும் போக மாட்டேங்குது."

ஜூடித் மறுக்க வாயெடுத்தாள். அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. மாவுக்கடைக்காரி மில்லிசென்ட். அவள் சொன்னது இன்னதென்றும் ஞாபகம் வந்தது: 'பீப்பாயவிட இவதான் உருண்டையா இருக்கா.' கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருவரும் குலுங்கியது ஞாபகம் வந்தது. அந்தக் காலையில் அவளுக்குப் பொய் எது, மெய் எது என்று ஒன்றும் தெரியாது. ஆனால் சிரித்தவள் அவள்தான். அதை யாரும் அவளை மிரட்டிச் செய்யவைக்கவில்லை.

"ஆமா," என்றாள். "சிரிச்சேன்."

ஜூடித் திரும்பினாள். வாசலருகே தயங்கி நின்றவர்கள் கேட்கும்படி, கோயிலுக்குள் பேசியதைவிட உரக்கச் சொன்னாள்: "இவ நின்னப்ப நான் சிரிச்சேன். அது என் புருஷன் செஞ்சதில்ல. நான் செஞ்சது." மில்லிசென்ட் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு வேகமாக வெளியேறினாள்.

"சரி," என்றாள் டோர்க்கஸ். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "மழை வரும்போல இருக்கு, சீக்கிரம் வீட்டுக்குப் போ," என்று சொல்லிவிட்டுத் தன் தோழிகளோடு நடந்தாள்.

ஈஸ்டருக்குப் பிறகு நீதிபதிகள் டோர்க்கஸின் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 'மூன்று நாரை'யில் வேறொருவர் குடியேறிவிட்டார். அவள் பெர்மாண்ட்சியிலேயே, வெளுக்கும் கொட்டகைக்கு எதிரே, இரண்டு பெஞ்சு போட்டுச் சிறு கடை திறந்தாள். வரும் ஒவ்வொரு பீப்பாயையும் காலி செய்யுமுன் அளவுக்கோலை இறக்கி ஆழம் பார்த்தாள், எந்தத் தச்சன் முத்திரையாக இருந்தாலும். கிடியன் டெட்ஃபர்டில் கப்பல்களுக்குத் தண்ணீர்ப் பீப்பாய் செய்யும் துறையில் வேலைக்குப் போனான். ஜூடித் பட்டறையை விட்டுவிட்டு அதே ஊரில் தன் தங்கையின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே துறைமுகத்து ஆட்களுக்குச் சோறு சமைத்தாள். டில்னி என்ற பெயரை மாற்றிக்கொள்ளும்படி தங்கை சொன்னாள், அவள் கேட்கவில்லை. வருடத்தில் ஒரு நாள், மாசியில், சதர்க்குக்கு நடந்துவந்து புருஷனின் கல்லறையில் புல் பிடுங்குவாள். அவரைத் திட்டவும் செய்வாள், வாய்விட்டே. பிறகு உட்கார்ந்து அழுவாள்.

மூன்றாவது வருடம் அப்படி வந்தபோது நல்ல குளிர். திரும்பும் வழியில் டோர்க்கஸின் கடையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. நடையை வேகப்படுத்தினாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அடியே டில்னி, ஒடம்பு ஒறைஞ்சு செத்துராத. உள்ள வா."

ஜூடித் உள்ளே போய் அடுப்பருகே உட்கார்ந்தாள். டோர்க்கஸ் சுடவைத்த பியரை விளிம்புவரை ஊற்றி முன்னால் வைத்துவிட்டு, மற்ற ஆட்களைக் கவனிக்கப் போனாள். ஜூடித் மெதுவாகக் குடித்து முடித்தாள், கை சூடானபின் எழுந்து, இருட்டுவதற்குள் டெட்ஃபர்ட் சேர நடையைக் கட்டினாள்.